உதிர்ந்த பீலியும் கொன்றெடுத்த இறகும்: மந்திரச் சடங்குகளில் பறவைப் பொருள்கள் குறித்த ஆய்வுமுறைத் திறனாய்வு

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தைச் சொல்லாகவே வரையறுக்கிறது. ஆற்றல் நிறைந்த மாந்தரின் வாய்மொழி என்பதே அதன் கருத்து. ஆனால் மக்கள் வழக்கில் மந்திரம் சொல்லோடு நிற்பதில்லை. மயிற்பீலி, காக்கை இறகு, கூகையின் உறுப்பு, கோழி முட்டை எனப் பொருள்கள் அதில் இடம்பெறுகின்றன. இவற்றுள் பறவைகளிடமிருந்து பெறும் பொருள்களைப் பற்றித் தமிழ் நாட்டுப்புறவியல் நிறையவே பதிவு செய்திருக்கிறது. எனினும் அப்பதிவுகள் பெரும்பாலும் அட்டவணைகளாகவே நின்றுவிட்டன. பறவை, உறுப்பு, பயன் என்னும் மூன்று பத்திகள். இறுதியில் அது ஒத்த மந்திரமா தொத்து மந்திரமா என்ற குறிப்பு. இந்த அமைப்பே நம் ஆய்வேடுகள் பலவற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அத்தகைய அட்டவணை ஒன்று உண்டு.

அவ்வட்டவணை தவறான செய்திகளைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அது ஓர் அடிப்படை வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதே வாதம். பறவையிடமிருந்து பொருள் எவ்வாறு பிரிந்தது என்னும் வினாவே அங்கு எழுப்பப்படவில்லை. தானே உதிர்ந்ததா, பறவை உயிரோடு நிற்கப் பயன்பட்டதா, கொன்று எடுக்கப்பட்டதா என்பது இந்திய மரபுக்குள்ளேயே பொருட்படுத்தப்பட்ட வேறுபாடு. அதை விட்டுவிடுவதால் இலக்கிய விளக்கமும் பிழைபடுகிறது, ஆய்வாளரின் பொறுப்பும் மறக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இரு விதிகளும் மஞ்சள் பறவைகளும்

ஜேம்ஸ் பிரேசரின் 'பொற்கிளை' 1890இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்து, 1906 முதல் 1915 வரை பன்னிரண்டு தொகுதிகளாக விரிந்தது. ஒத்தது ஒத்ததை உண்டாக்கும் என்பதும், ஒருமுறை தொடர்பு கொண்டவை பிரிந்த பின்னரும் ஒன்றையொன்று தாக்கும் என்பதும் அவர் வகுத்த இரு விதிகள். நம் பாடநூல்கள் இவற்றை முறையே ஒத்த மந்திரம், தொத்து மந்திரம் எனத் தமிழாக்கிக்கொண்டன.

முதல் விதிக்குப் பிரேசர் காட்டும் சான்றுகளுள் ஒன்று இந்தியாவுக்குரியது. அதர்வ வேதத்தின் முதற் காண்டத்து 22ஆம் பாடல் மஞ்சட்காமாலையை நீக்குவதற்கானது. அதற்குரிய சடங்கைக் கௌசிக சூத்திரம் விவரிக்கிறது. நோயாளியின் உடலில் மஞ்சட் குழம்பு பூசப்படுகிறது. கிளி முதலான மூன்று பறவைகள் கட்டிலின் அடியில் கட்டப்படுகின்றன. நோயாளி மீது நீர் ஊற்றப்பட, மஞ்சள் கரைந்து பறவைகளின் மேல் வழிகிறது. நோயின் நிறமும் பறவையின் நிறமும் ஒத்திருப்பதால் இது ஒத்த மந்திரம் என்பது பிரேசரின் முடிவு.

இம்முடிவு பிழையன்று, ஆயினும் போதாது. நிற ஒப்புமையே காரணமெனின் மஞ்சள் இறகு ஒன்று போதுமே. மூன்று பறவைகளும் உயிரோடு அங்கு நிற்க வேண்டியதன் தேவை என்ன? இச்சடங்கில் இறகு பறிக்கப்படவில்லை, குருதி சிந்தப்படவில்லை. பறவை மருந்துப் பொருளாக இல்லாமல் நோயை ஏற்கும் ஏற்பியாக நிற்கிறது. மனித உடலை விட்டு நீங்கும் ஒன்றுக்குப் போயமர ஓர் உயிருள்ள இடம் வேண்டும் என்னும் கருத்தே சடங்கின் உயிர்நாடி. இதைப் பிரேசரின் விதி காட்டுவதில்லை. நிறத்தைக் கண்ட அவர் பறவையின் உயிர்ப்பைக் காணவில்லை எனலாம்.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானிடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா இவ்விடத்தில் துணைபுரிகிறார். மந்திரச் சொற்களின் ஆற்றல் குறித்த அவரது சொற்பொழிவு 1968இல் வெளிவந்தது. மந்திரச் செயல்களின் வடிவும் பொருளும் பற்றிய அவரது கட்டுரை 1973இல் வந்தது. மந்திரத்தைத் தோற்றுப்போன அறிவியலாகக் காணலாகாது. ஒப்புமையின் வழியே விரும்பிய நிலையை ஒரு பொருளின் மீதோ ஆளின் மீதோ ஏற்றிக் காட்டும் செயலாகக் காண வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவ்வாறு கண்டால், பறவைப் பொருளின் பண்புகளுள் எது ஏற்றப்படுகிறது என்னும் வினா எழும். நிறமும் வடிவமும் மட்டுமல்லாமல், பொருள் கைக்கு வந்த வழியும் அப்பண்புகளுள் ஒன்றாக இருத்தல் கூடும்.

பீலி: உதிரும் பொருள்

சங்க இலக்கியத்தில் மிகுதியாகச் சடங்குத் தன்மை பெற்ற பறவைப் பொருள் மயிற்பீலி. புறநானூறு 232, 264 ஆகிய பாடல்களிலும் அகநானூறு 67, 131 ஆகிய பாடல்களிலும் நடுகல்லுக்குப் பீலி சூட்டும் வழக்கம் பேசப்படுகிறது. மோசிகீரனார் அறியாது ஏறித் துயின்ற முரசுகட்டிலுக்குரிய முரசு பீலி அணிந்தது என்பதைப் புறநானூறு 50 காட்டுகிறது. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது கண்ட படைக்கலன்களும் பீலி அணிந்தவையே என்பது புறநானூறு 95ஆல் அறியப்படும். கல், முரசு, படைக்கலன் ஆகிய மூன்றும் வீரத்தோடும் இறப்போடும் தொடர்புடையவை என்பது நோக்கத்தக்கது.

இப்பீலி எங்கிருந்து வந்தது? உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூறு 13 இதற்கு விடை தருகிறது. வயற்புறத்து மயில்கள் உதிர்த்த பீலியை உழவர்கள் நெற்சூட்டோடு சேர்த்துத் திரட்டும் வளமான நாடு என்பது அப்பாடலின் வருணனை. வேட்டையில் கிடைத்த பொருளாக அல்லாமல் அறுவடையில் கிடைத்த பொருளாகப் பீலி அங்கு இடம்பெறுகிறது. திருக்குறள் 475 வண்டியில் ஏற்றப்படும் பீலியை உவமையாக்குகிறது. அவ்வளவு பீலி ஓரிடத்தில் திரள்வது கேட்போருக்கு இயல்பாகத் தோன்றியிராவிட்டால் அவ்வுவமை எடுபட்டிராது.

உயிரியல் நோக்கிலும் இது பொருந்துகிறது. ஆண்மயிலின் தோகையில் சுமார் 150 முதல் 200 வரை நீண்ட இறகுகள் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் அவை தாமே உதிர்ந்து, மீண்டும் முளைக்கின்றன. கொல்லாமல் பெறத்தக்கதாகவும் ஆண்டுதோறும் கிடைப்பதாகவும் இயற்கையே பீலியை ஆக்கியிருக்கிறது.

இவ்வியல்பைச் சமணம் கோட்பாடாகவே ஆக்கியது. திகம்பரத் துறவியர் ஏந்தும் பீலிக்கற்றை உதிர்ந்த இறகுகளால் ஆனது. அமரும் இடத்துச் சிற்றுயிர்களை ஊறுபடாமல் விலக்குவதே அதன் பணி. சம்பந்தரும் அப்பரும் சமணரைச் சாடும்போது அவர்தம் பீலியையும் சுட்டுவது, தமிழ் மண்ணில் அது எவ்வளவு வெளிப்படையான அடையாளமாக இருந்தது என்பதை உணர்த்தும்.

நாகூர் முதல் அஜ்மீர் வரை தர்காக்களில் பீலிக்கற்றையால் தலையைத் தடவி வாழ்த்தும் வழக்கம் உண்டு. வட இந்தியச் சிற்றூர்களில் மந்திரிப்பவர் பீலிக்கற்றையால் உடலைத் துடைத்து ஊதுவார். அச்செயலைக் குறிக்கும் இந்திச் சொல்லாகிய 'ஜாட்னா' என்பதற்குப் பெருக்குதல், தூசி தட்டுதல் என்பனவே நேர்ப்பொருள். தமிழ்நாட்டில் வேப்பிலை செய்யும் பணியை அங்கே பீலி செய்கிறது. சமணத் துறவியின் கையிலும் பக்கீரின் கையிலும் மந்திரிப்பவரின் கையிலும் பீலி ஒரு துடைப்பமாகவே இயங்குகிறது. சமயங்கள் வேறு, நோக்கங்கள் வேறு, செயல்வடிவம் ஒன்று. தானே நீங்கிய பொருள், நீங்க வேண்டியதை நீக்குகிறது. இங்கு ஏற்றப்படும் ஒப்புமை நிறமன்று. உதிர்தல் என்னும் நிகழ்வே.

பள்ளிச் சிறாரின் நம்பிக்கையொன்றும் இவ்விடத்தில் கருதத்தக்கது. புத்தகத்தின் இடையே வைத்த மயிலிறகு குட்டி போடும் என்பது தமிழ்க் குழந்தைகள் பலரும் அறிந்த மந்திரம். மயிலை விட்டுப் பிரிந்த இறகு அங்கே இறந்த பொருளாகக் கருதப்படவில்லை. இன்னும் உயிருள்ள ஒன்றாக வளர்க்கப்படுகிறது. கொன்று எடுத்த பொருளின் மீது இத்தகைய கற்பனை எளிதில் எழாது.

காகமும் கூகையும்: கதை ஏறிய இறகு

தமிழ் மாந்திரிக மரபு கூறும் எண்வகைக் கருமங்களுள் வித்துவேடணம் ஒன்று. இருவரிடையே பகை மூட்டுவது அதன் நோக்கம். இதற்குக் காகம், கூகை இரண்டின் இறகுகளையும் சேர்த்துக் கூறும் மரபு வடமொழித் தந்திர நூல்களில் உண்டு. நம் அட்டவணை முறை இதை எந்தப் பத்தியில் வைக்கும்? காக்கை இறகும் கூகை இறகும் பகையுற்ற மனிதரைத் தோற்றத்தில் ஒத்தவையல்ல. அவற்றோடு அம்மனிதர்க்குத் தொடர்பும் இல்லை.

விடை இலக்கியத்தில் இருக்கிறது. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் காகங்களுக்கும் கூகைகளுக்கும் இடையிலான பெரும்பகையைப் பற்றியது. காலமறிதல் அதிகாரத்தின் முதற் குறளும் இப்பகையையே அடிப்படையாகக் கொண்டது. பகலில் காகம் வெல்லும் என்பது குறள் தரும் செய்தி. இரவில் நிலைமை மாறும் என்பது அதன் உட்குறிப்பு. கதை மரபில் நிலைபெற்ற இப்பகையே இறகுகளின் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. இறகு இங்கே ஒரு கதையின் சுருக்கம். கதையை அறியாதவர்க்கு அது வெறும் இறகு.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, மந்திரப் பொருளை விளக்க இலக்கியப் பயிற்சி இன்றியமையாதது. இரண்டாவது, இத்தகைய மந்திரத்தை எழுத்தறியா மக்களின் மூடநம்பிக்கை என ஒதுக்குவது வரலாற்றுப் பிழை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் 1909இல் மைசூரிலிருந்து சாமசாஸ்திரியால் அச்சிடப்பட்டது. அதன் பதினான்காம் அதிகரணம் மறைமுறைகளைப் பற்றியது. இருளில் காணவும் களைப்பின்றி நடக்கவும் கூகை முதலான பறவைகளின் உறுப்புகளைக் கூறுகிறது. அது அரசனுக்காக எழுதப்பட்ட நூல். மந்திரப் பொருளறிவு அரண்மனையிலிருந்து சிற்றூர்க்கு இறங்கியதா, சிற்றூரிலிருந்து ஏறியதா என்பது எளிதில் துணியத்தக்கதன்று. ஆயினும் எட்கர் தர்ஸ்டனின் 1912ஆம் ஆண்டு நூல் தென்னிந்திய நம்பிக்கைகளைத் தொகுத்த காலம் தொட்டே, இவற்றைச் சில சாதிகள், சில பழங்குடிகள் ஆகியோரின் இயல்பாகக் காட்டும் போக்கு வலுப்பெற்றது. நாமும் அதைக் கேள்வியின்றி ஏற்றோம். பறவை பிடிக்கும் தொழிலால் வாழ்ந்த மக்களை மந்திரத்தின் உரிமையாளராக்கி, அப்பொருளைக் கேட்டு வாங்கும் நகரத்தாரை ஆய்வுக்கு வெளியே நிறுத்தினோம்.

கூகை: கொன்றெடுக்கும் பொருள்

சங்க இலக்கியத்தில் கூகை அச்சத்திற்குரிய பறவை. சுடுகாட்டுச் சூழலோடு அது பெரிதும் இணைத்துப் பேசப்படுகிறது. எனினும் அப்பறவையிடம் பேசும் நயமான பாடலொன்றும் உண்டு. நற்றிணை 83இல் தோழி கூகையை விளித்து, இறைச்சியும் எலிச்சூடும் தருவதாக வாக்களித்து, தலைவன் வரும் இரவில் குழறாதிருக்குமாறு வேண்டுகிறாள். அச்சம் தரும் பறவையைக் கொல்ல அவள் எண்ணவில்லை. உணவு தந்து உடன்படுத்துகிறாள். பஞ்சபட்சி சாத்திரத்திலும் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் ஆகிய ஐந்தும் காலத்தைக் கணிக்கும் குறிகளாகவே நிற்கின்றன. ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் தொழில்கள் அவற்றுக்கு உரைக்கப்பட்டாலும், கணிப்பவர் எந்தப் பறவையையும் தொடுவதில்லை.

இதற்கு நேர்மாறானது கூகையின் உறுப்புகளைப் பயன்படுத்தும் வசிய, செல்வ மந்திர வழக்கு. பறவை வணிகத்தைப் பல்லாண்டு ஆய்ந்த அப்ரார் அகமது எழுதி, டிராபிக் இந்தியா 2010இல் வெளியிட்ட அறிக்கை இதன் பரப்பைக் காட்டியது. இந்தியாவில் பதிவான 30 ஆந்தையினங்களுள் 15 இனங்கள் உள்நாட்டுப் பறவை வணிகத்தில் காணப்பட்டன என்பது அதன் கண்டுபிடிப்பு. மாந்திரிகத் தேவையே இவ்வணிகத்தை முதன்மையாக இயக்குகிறது என்றும், தீபாவளியை ஒட்டி ஆந்தைப் பலி மிகுகிறது என்றும் அது சுட்டியது. இலக்குமியின் ஊர்தியாக வணங்கப்படும் பறவையே இலக்குமியை வீட்டில் நிறுத்துவதற்காகக் கொல்லப்படுகிறது.

இம்முரணை ஒத்த மந்திரம், தொத்து மந்திரம் என்னும் பிரிவு விளக்குவதில்லை. பிரிந்த வழியை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பீலி நீக்குவதற்கு, அது உதிர்ந்தது. காமாலைச் சடங்கின் பறவை ஏற்பதற்கு. அது உயிரோடு நின்றது. கூகையின் உறுப்பு கைக்கொள்வதற்கு; அது பறிக்கப்பட்டது. பிறர் மனத்தையோ செல்வத்தையோ வலிந்து தன்வயப்படுத்தும் நோக்கம், வலிந்து எடுத்த பொருளை நாடுகிறது.

மறுப்புகளும் விளக்கமும்

இவ்வொழுங்குக்கு மறுப்புகள் உண்டு. கழிப்புச் சடங்குகளில் கோழி அறுக்கப்படுகிறது. அங்கு நோக்கம் நீக்கம்தானே என வினவலாம். உண்மைதான். ஆனால் அங்கே கோழியின் உறுப்பு எதுவும் காப்பாகக் கொள்ளப்படுவதில்லை. பீடையை ஏற்றுக்கொண்டு அப்பறவை அகற்றப்படுகிறது. அது காமாலைச் சடங்கின் ஏற்பியோடு இனமானதேயன்றிக் கூகையோடு இனமானதன்று. கோழிக்கு ஈடாக முட்டையோ பூசணிக்காயோ அமைவதும் இதனால்தான். ஏற்பிக்கு மாற்று உண்டு.

இரண்டாவது மறுப்பு வலியது. மயிலும் இறைச்சிக்காகவும் நெய்க்காகவும் கொல்லப்படுகிறது. வணிகத்துக்கு வரும் பீலி அனைத்தும் உதிர்ந்ததே என்றும் கூற இயலாது. மயில் 1963இல் நாட்டுப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் கொல்வதைத் தடுத்தாலும், அதன் தோகையிறகின் உள்நாட்டு வணிகத்துக்கு விலக்களித்தது. உதிர்ந்த இறகு என்னும் மரபுக் கருத்தே இவ்விலக்கின் அடிப்படை. கொன்றெடுத்த பீலியும் அப்பெயரால் விற்கப்படும் வாய்ப்பு உண்டு. ஆகவே இக்கட்டுரை கூறும் ஒழுங்கு மரபு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நெறியாகுமே தவிர, நடைமுறை முழுவதற்கும் உரிய வருணனையாகாது. நெறி மீறப்படுவது நெறி இல்லை என்பதற்குச் சான்றாகாது. மீறலை அறிய நெறியே அளவுகோல்.

மாற்று குறித்துப் பிறிதொரு செய்தியும் பயன்தரும். அருணாசலப் பிரதேசத்து நீசி மக்களின் தலையணியில் பெரிய இருவாட்சியின் அலகு இடம்பெறும். காட்டுயிர்ப் பாதுகாவலரின் முயற்சியால் கண்ணாடியிழை அலகு அதற்கு மாற்றாக அறிமுகமானது. பலர் அதை ஏற்றுக்கொண்டனர். அது மந்திரப் பொருளன்று, குடிப்பெருமைக்குரிய அணி. எனினும் பொருளின் மதிப்பு அதன் உயிரியல் மூலத்தில் இல்லாமல், சமூகம் அதன் மீது ஏற்றிய பொருண்மையில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. கட்டாயத் தடை செய்யாததை மரபினரின் உடன்பாடு செய்தது.

ஆய்வாளரின் பொறுப்பு

முன்னுரையில் சுட்டிய அட்டவணைக்குத் திரும்பலாம். இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டில் ஆந்தையின் எவ்வுறுப்பு எதற்குப் பயன்படும் என ஒரு பக்கம் முழுதும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. களத்தில் கேட்டதை உண்மையாகப் பதிந்தோம் என்ற நிறைவு அன்று இருந்தது. இன்று அதைப் படிக்கும்போது, அப்பக்கத்தில் சூழலும் இல்லை, கதையும் இல்லை, பொருளை யார் யாரிடம் கேட்டார் என்பதும் இல்லை. எஞ்சியது ஒரு செய்முறைக் குறிப்பு. ஆய்வுக்குப் பயன்படாத அப்பக்கம், ஆந்தையைத் தேடுபவருக்குப் பயன்படும்.

எனவேதான் இக்கட்டுரை அர்த்தசாத்திரத்தின் முறைகளையும் தந்திர நூல்களின் முறைகளையும் பெயரளவில் மட்டுமே சுட்டியது. இதை மறைப்பு எனக் கருத வேண்டியதில்லை. தகவலாளியின் பெயரைக் காப்பது ஆய்வு அறம் என ஏற்கும் நாம், ஆய்வுப் பொருளாகிய உயிரைக் காப்பதையும் அவ்வறத்துள் சேர்க்கலாம். மறுபுறம், பழிக்கு அஞ்சி இத்தலைப்பையே கைவிடுவதும் தீர்வாகாது. பீலி துடைக்கும் கையை விளக்காமல் விட்டால், கூகையைக் கொல்லும் கையே இந்திய மந்திரத்தின் முழு உருவமாக எஞ்சும்.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பறவைப் பொருள்களை ஒப்புமை, தொடர்பு என்னும் இரு விதிகளால் மட்டும் வகைப்படுத்துவது போதாது. பொருள் பறவையை விட்டுப் பிரிந்த வழியையும் கருதுதல் வேண்டும்.

2. உதிர்ந்த பொருள் நீக்கத்துக்கும், உயிருள்ள பறவை ஏற்புக்கும், கொன்றெடுத்த பொருள் கைக்கொள்ளலுக்கும் உரியனவாதல் இங்கு ஆராய்ந்த சான்றுகளில் காணப்படுகிறது. பிற வட்டாரச் சான்றுகளைக் கொண்டு இது மேலும் சோதிக்கப்பட வேண்டும்.

3. காகம், கூகை இறகுகளைப் போல, சில பொருள்களின் ஆற்றல் கதையிலிருந்து வருகிறது. அதனால் இவ்வாய்வில் இலக்கியத் துறைக்கு உரிய இடம் உண்டு.

4. களப்பதிவு செய்முறைக் குறிப்பாகத் திரியாதவாறு, பொருளோடு அதன் சூழலையும் கேட்போரையும் பதிவு செய்தல் ஆய்வாளர் கடன்.

அறுவடைக் களத்தில் நெற்சூட்டோடு பீலியைத் திரட்டிய உழவர்களை முடமோசியார் பாடினார். அவர்களுக்கு அது நிலம் தந்த விளைவுகளுள் ஒன்று. கேட்காமலே மயில் தந்ததைத்தான் அவர்கள் எடுத்தனர். அந்த எல்லையை நம் ஆய்வுகள் முதலில் கண்டுகொள்ள வேண்டும்.